நிலப்படத்துக்கு உரை எழுதுவோர்

மின்னியல் நிலப்படங்களின் வண்ணமும் கோலமும் பற்றிய ஒரு திறனாய்வு

நிலப்படம் என்றவுடன் பள்ளிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட துணிப்படமே பலர் நினைவுக்கு வரும். மலைகள் பழுப்பு; சமவெளிகள் பச்சை; கடல் நீலம். ஆற்றுக்கு ஒரு நீலக் கோடு. இருப்புப்பாதைக்கு ஒரு கறுப்புக் கோடு. இந்நிறங்களை முடிவு செய்தவர் யார் என்று மாணவன் கேட்பதில்லை, ஆசிரியரும் சொல்வதில்லை. நில அளவைத் துறையார் தீட்டியதே படம்; அவர்கள் விட்டது இல்லாத இடம். அச்சேறி வந்த பின்னர் அப்படத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்றி வரைய எவராலும் இயலாது. நெடுங்காலம் நிலைமை இதுவாகவே இருந்தது.

கைப்பேசியிலும் கணினியிலும் நிலப்படம் வந்து சேர்ந்த பின் அந்நிலை மாறிற்று. இன்று ஒரே நிலப்பரப்பை ஒருவர் செந்நிறச் சாலைகளோடும், மற்றொருவர் சாலையே இல்லாமல் ஆறும் மலையுமாகவும், வேறொருவர் கோயிலும் பள்ளியும் மட்டும் தெரியுமாறும் தீட்டிக்கொள்ளலாம். தூரிகை படம் வரைவோர் கையிலிருந்து படிப்போர் கைக்கு வந்துவிட்டது எனலாம். வந்த தூரிகையைக் கொண்டு என்ன தீட்டினார்கள்? தீட்டியவற்றில் நன்று எது, தீது எது? எதனால் அவ்வாறு கொள்ள வேண்டும்? இவையே ஈண்டு ஆராய்வதற்குரியன.

மூலமும் உரையும்

தமிழ் நூல் பயின்றோர்க்கு இதனை விளக்குதல் எளிது. திருக்குறளுக்கு மூலம் ஒன்று, உரைகளோ பல. பண்டை உரையாசிரியர் பதின்மர் என்பர். மணக்குடவர் கொண்ட பொருளைப் பரிமேலழகர் எல்லா இடத்தும் கொள்ளவில்லை. ஒருவர் விரித்த இடத்தை மற்றொருவர் சுருக்கினார். மூலத்தின் ஓர் எழுத்தும் மாறாதிருக்கவே, படிப்பவன் கண்ணுக்குத் தோன்றும் பொருள் மட்டும் உரைக்கு உரை வேறுபட்டது.

மின்னியல் நிலப்படமும் அத்தகையதே. 'இங்கே ஒரு சாலை உண்டு. அதன் பெயர் இது. அதன் வகை இது' என்று கணினியில் பதிந்து வைத்திருக்கும் தரவே மூலம். அந்தச் சாலை சிவப்பா, வெள்ளையா? தடித்த கோடா, மெல்லிய கோடா? எந்தத் தொலைவிலிருந்து பார்க்கும்போது அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்? அதன் பெயர் எம்மொழியில், எவ்வளவு பெரிய எழுத்தில் வர வேண்டும்? இவற்றையெல்லாம் கட்டளையாக எழுதி வைப்பது உரை. இதனைக் கணினி அறிஞர் பாணி என்றும் கோலம் என்றும் வழங்குவர். தரவில் நிறம் இல்லை. நிறமெல்லாம் உரையில் இருக்கிறது. இவ்வுண்மை ஒன்றைப் பற்றிக்கொண்டால் ஏனையவை தாமே விளங்கும்.

உரை எழுதும் முறை

கோலம் எழுதுபவர் முதலில் அடித்தளத்துக்கு ஒரு நிறம் கொடுக்கிறார். அதன்மேல் நீர்நிலைகள், அதன்மேல் காடும் வயலும் தோட்டமும், அதன்மேல் கட்டடங்கள், அதன்மேல் சாலைகள், எல்லாவற்றுக்கும் மேலே பெயர்கள். அச்சகத்தில் ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறத்தை ஏற்றி அடிப்பது போல, அடுக்கின்மேல் அடுக்காகப் படம் எழும்புகிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் மூன்று விதிகள் உண்டு. எப்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பது முதல் விதி. எத்தொலைவிலிருந்து எத்தொலைவு வரை காட்டுவது என்பது இரண்டாவது. எந்நிறத்தில், எத்தடிப்பில், எவ்வடிவில் தீட்டுவது என்பது மூன்றாவது.

இவற்றுள் இரண்டாம் விதியே புதுமையானது. பழைய படத்துக்கு அளவு ஒன்றே. மின்னியல் படமோ விரலால் விரிக்க விரியும்; சுருக்கச் சுருங்கும். உலகம் முழுவதையும் ஒரு சிறு சதுரத் துண்டில் அடக்குவது சுழியப் படி. ஒவ்வொரு படி ஏறும்போதும் துண்டுகள் நான்கு மடங்காகப் பெருகும். 19ஆம் படியில் உலகைக் காட்ட 27,000 கோடிக்கும் மேற்பட்ட துண்டுகள் வேண்டும். ஆகவே உரையாசிரியர் எழுதுவது ஒரு படத்துக்கன்று; இருபது படங்களுக்கு ஒருசேர எழுதுகிறார். ஐந்தாம் படியில் அழகாக இருந்த கோடு பதினைந்தாம் படியில் அருவருப்பாக இருக்கக்கூடும். தலைநகரின் பெயர் எப்படியில் வருவது, சிற்றூரின் பெயர் எப்படியில் வருவது என்று தீர்ப்பளிப்பவரும் அவரே.

வெறும் அலங்காரமா?

'இஃது அழகு பற்றிய செய்திதானே; இதற்கு ஓர் ஆராய்ச்சியும் வேண்டுமோ?' என்று சிலர் வினவலாம். ஒரு சான்று போதும். 2014ஆம் ஆண்டில் உருசியா கிரிமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டதாக அறிவித்தது. அதனையடுத்து கூகுள் நிறுவனத்தின் நிலப்படம், உருசியாவிலிருந்து பார்ப்போர்க்குக் கிரிமியாவை உருசியாவின் பகுதி போலவும், உக்ரேனிலிருந்து பார்ப்போர்க்கு உக்ரேனின் பகுதி போலவும், ஏனையோர்க்குப் புள்ளிக்கோட்டால் பிரிக்கப்பட்ட பூசலுக்குரிய நிலமாகவும் காட்டிற்று. நிலம் ஒன்று, கோட்டின் கோலம் மட்டும் மூன்று. முழுக்கோட்டுக்கும் புள்ளிக்கோட்டுக்கும் இடையே ஒரு நாட்டின் உரிமை வழக்கே அடங்கிக் கிடக்கும்போது, இதனை அலங்காரம் என்று தள்ளுதல் எங்ஙனம்?

அளவுகோல்

ஒரு கோலத்தை நன்றென்றும் தீதென்றும் சொல்ல அளவுகோல் வேண்டும். பிரெஞ்சு நாட்டு நிலப்பட அறிஞர் ழாக் பெர்த்தேன் 1967இல் வெளியிட்ட நூலில் அத்தகைய அளவுகோலை வகுத்துத் தந்தார். கண்ணுக்குப் பொருளுணர்த்தும் கருவிகளை அவர் ஏழாகப் பிரித்தார்: இடம், அளவு, வடிவம், ஒளியின் ஏற்ற இறக்கம், நிறம், சாய்வு, இழையமைப்பு. இவற்றுள் அளவும் ஒளியேற்றமும் உயர்வு தாழ்வை உணர்த்த வல்லவை. நிறமும் வடிவமும் வகை வேற்றுமையை உணர்த்த வல்லவை. பெரிய சாலைக்குத் தடித்த கோடும் சிறிய சாலைக்கு மெல்லிய கோடும் இட்டால் குழந்தையும் ஏற்றத்தாழ்வை உணரும். ஒன்றுக்கு நீலமும் மற்றொன்றுக்குப் பச்சையும் இட்டால் 'இவை வேறு வேறு' என்று மட்டுமே உணரும். எது பெரிது என்று உணராது. இக்கருவிகளை இடம் மாற்றிப் பயன்படுத்துவோர் படிப்பவரைக் குழப்புவோர் ஆவர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் 100க்கு ஏறக்குறைய 8 பேருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தோன்றும் குறை உண்டு. பிற இனத்தாரிடையேயும் அக்குறை இல்லாமலில்லை. பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை சிந்தியா புரூவர் இத்தகையோர்க்கும் விளங்கக்கூடிய நிறத் தொகுதிகளை வகுத்து, யாவரும் இலவசமாக எடுத்தாளும்படி வழங்கியுள்ளார். அவ்வளவு கருவிகள் கைக்கெட்டியிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு நிறம் தீட்டுவோர்க்கு அறியாமையைச் சாக்காகக் கூற இடமில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு மூன்று உரைகளை ஆராயலாம்.

முதல் உரை: பொதுமக்கள் பாணி

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்று, உலகெங்கும் தன்னார்வலர் கூடி உருவாக்கி வரும் நிலப்படத் தரவு. அதன் மூலத்தை எவரும் எடுத்தாளலாம். எடுத்தாளுவோர் மூலம் தந்தவர்களின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதே முதன்மையான கட்டுப்பாடு. அதன் தளத்தில் வழக்கமாகக் காட்டப்படும் பொதுப்பாணிக்குத் தனி நோக்கம் ஒன்றுண்டு. தரவு பதிந்தவர் தாம் பதிந்தது சரியா என்று கண்ணால் கண்டு திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அது. ஆகையால் அப்பாணி ஏராளமான பொருள்களைக் காட்டும். மிக அண்மையிலிருந்து நோக்கினால் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் விகாரைக்கும் தனித்தனிக் குறிகள் தெரியும். எதையும் விடாது உரை கூறும் பழைய உரையாசிரியரைப் போன்றது அது. படம் சில இடங்களில் நெரிசலாகத் தோன்றுவதும் அதனாலேயே.

2015ஆம் ஆண்டில் அப்பாணியில் ஒரு பெருந்திருத்தம் நிகழ்ந்தது. அதற்கு முன் விரைவுச்சாலை நீலம், அதற்கு அடுத்த பெருஞ்சாலை பச்சை, அடுத்தது சிவப்பு, அடுத்தது ஆரஞ்சு என்று பிரிட்டிஷ் சாலைப் படங்களின் வழக்கப்படி நிறமிட்டிருந்தனர். விளைவு என்ன? நீலச் சாலை ஆற்றோடு மயங்கிற்று. பச்சைச் சாலை காட்டினுள் மறைந்தது. பிரிட்டனில் பழகியவர்க்கு இயல்பாகத் தோன்றிய நிறம் உலகத்தார்க்குப் பொருந்தவில்லை. திருத்திய பின் சிவப்பில் தொடங்கி, ஆரஞ்சு வழியாக, மஞ்சளில் இறங்கி, வெள்ளையில் முடியும் ஒரே நிறக் குடும்பம் வகுக்கப்பட்டது. பெர்த்தேனின் அளவுகோலால் பார்த்தால் இத்திருத்தம் பாராட்டத்தக்கது. ஏற்றத்தாழ்வை உணர்த்த வேண்டிய இடத்தில் வேற்றுமையை மட்டும் உணர்த்தி வந்த குறை நீங்கிற்று. 1994இல் முழுமை பெற்ற மலேசிய வடக்கு-தெற்கு விரைவுச்சாலை இன்று அப்படத்தில் செந்நிற நரம்பாக ஓடுவதைக் கண்டால் அது தலைச்சாலை என்று சொல்லாமலே விளங்கும். ஆயினும் முதல் இரு வகைச் சாலைகளின் நிறங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பது அதன் குறை. மங்கிய திரையில் பார்ப்போர் அவற்றைப் பிரித்தறிய இடர்ப்படுவர்.

இதனினும் பெரிய குறை தோட்டப்புறங்களில் தெரிகிறது. மலேசியாவில் செம்பனை ஏறக்குறைய 56 இலட்சம் ஹெக்டேரில் பரந்து கிடக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் அஃது ஆறில் ஒரு பங்கு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மூலத்தில் மரத்தோட்டம் என்ற வகையோடு, 'என்ன மரம்' என்று எழுதவும் இடம் உண்டு. செம்பனை என்றும் பால்மரம் என்றும் அவ்விடத்தில் பதியலாம். ஆனால் பொதுப்பாணியோ அதனைக் கண்டுகொள்வதில்லை. செம்பனைக்கும், பால்மரத்துக்கும், டுரியான் தோப்புக்கும், ஐரோப்பாவின் ஆப்பிள் தோப்புக்கும் ஒரே வெளிர்பச்சை. ஒரே புள்ளி வரிசை. அதே பாணி காடுகளில் மட்டும் ஊசியிலை மரக் காட்டை அகன்ற இலை மரக் காட்டிலிருந்து குறியிட்டுப் பிரித்துக் காட்டுகிறது. குளிர்நாட்டவர் கண்ணுக்கு எவ்வேற்றுமை முக்கியமோ அது படத்தில் ஏறிற்று. வெப்பநாட்டவர் வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட வேற்றுமை ஏறவில்லை. பால்மரம் அழிந்து செம்பனை வந்ததால் எத்தனை குடும்பங்கள் இடம் பெயர்ந்தன என்பது தோட்டப்புற மக்கள் அறிந்த வரலாறு. அவ்வரலாறு மூலத்தில் இருக்கவும் உரை வாய்மூடி நிற்கிறது.

சாலைகளிலும் இவ்வாறே. தோட்டத்தினுள் செல்லும் மண்சடக்கை, தரவு பதிபவர் விளைநிலப் பாதை என்று வகைப்படுத்திவிட்டால், அது பழுப்பு நிறக் கீற்றாகவே தீட்டப்படும். பழக்குலை ஏற்றச் செல்லும் ஒற்றையடித் தடமும், லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் ஒரே வழியும் ஒரு தோற்றமாகும். இங்கே குறை உரையாசிரியருடையது மட்டுமன்று. மூலம் பதிந்தவருக்கும் அதில் பங்குண்டு. பள்ளிக்கூடத் திடலுக்கு இட்டிருக்கும் வெளிர்மஞ்சள் வெண்மையை ஒட்டிய நிறம். மருத்துவமனை வளாகத்துக்கும் அதே நிறம். சற்றுத் தொலைவிலிருந்து நோக்குவோர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள இடமுண்டு.

எனினும் நடுவுநிலையோடு கூறவேண்டியது ஒன்றுண்டு. உலகம் முழுவதற்கும் ஒரே உரை எழுத முனைந்தவர் எல்லா நாட்டாரையும் நிறைவு செய்தல் அரிது. அப்பாணியின் கட்டளைகள் அனைத்தும் வெளிப்படையாக வைக்கப்பட்டுள்ளன; குறை கண்டவர் எடுத்துத் திருத்தித் தமக்கென ஓர் உரை எழுதிக்கொள்ளத் தடையில்லை. 2010இல் ஹெயிட்டி நாட்டில் நிலநடுக்கம் நேர்ந்தபோது தன்னார்வலர் விரைந்து படம் வரைந்தனர். அப்பட்டறிவின் வழியே துயர் துடைப்புப் பணியாளர்க்கெனத் தனிப்பாணி ஒன்று பின்னர் எழுந்தது. தார் போடாத சாலையும் தண்ணீர் கிடைக்கும் இடமும் அதில் முன்னுக்கு வந்தன. தேவை வேறானால் உரையும் வேறாக வேண்டும் என்பதற்கு இஃது ஒரு நற்சான்று.

இரண்டாம் உரை: வணிகப் பாணி

கூகுள் நிறுவனம் 2005இல் தன் நிலப்படத்தை வெளியிட்டது. 2010இல் அப்படத்தைப் பிறர் தம் விருப்பப்படி நிறம் மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. சாலை, நீர், நிலம், எல்லை, பொதுப் போக்குவரத்து, காணத்தக்க இடங்கள் என்று பொருள்களைப் பகுத்து, ஒவ்வொன்றின் நிறச் சாயலையும் செறிவையும் ஒளிர்வையும் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாததை மறைக்கலாம் என்றது. நிலப்படத்துக்கு உரை எழுதும் கலையை எளியவர் கைக்குக் கொண்டுவந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. கடைக்காரரும், திருமண மண்டபத்தாரும், செய்தித்தாள் நடத்துவோரும் தத்தமக்கு ஏற்ற படம் செய்துகொண்டனர்.

ஆயின் இவ்வுரிமைக்கு ஓர் எல்லை உண்டு. நிறுவனம் வகுத்த பகுப்புக்குள் மட்டுமே மாற்றலாம். மூலம் நிறுவனத்தின் கைவசம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முழுவதும் புரட்டிப் பார்க்க முடியாது. 2018இல் கட்டணமுறை மாற்றப்பட்டபோது, அதுவரை செலவின்றிப் பயன்படுத்தி வந்த பலர் வேறு படம் தேட நேரிட்டது. வாடகை வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுவதற்கு ஒப்பானது இது. வண்ணம் குடியிருப்பவருடையது, சுவர் பிறருடையது.

அந்நிறுவனத்தார் தாமே எழுதிய உரையும் ஆய்வுக்குரியது. 2016 ஜூலையில் அவர்கள் தம் படத்தைத் திருத்தினர். சாலைகளின் ஓரக்கோடுகளை நீக்கிப் படத்தை இலேசாக்கினர். கடைகளும் உணவகங்களும் செறிந்த பகுதிகளுக்கு மெல்லிய ஆரஞ்சுச் சாயம் இட்டு, அவை நாட்டத்துக்குரிய பகுதிகள் என்று பெயரிட்டனர். கோடுகளை நீக்கியது நன்று. கண்ணுக்கு இளைப்பாறுதல் கிடைத்தது. சாயம் இட்டதில்தான் சிக்கல். நாட்டத்துக்குரியது என்று ஒரு பகுதியை நிறமிட்டுக் காட்டினால், நிறமில்லாத பகுதி நாட்டத்துக்கு உரியதன்று என்பது சொல்லாமல் சொன்னதாகும். வறியோர் வாழும் பகுதிகளில் கடைத்தெருக்கள் நெருங்கியிருந்தும் அந்நிறம் படியாத இடங்கள் உண்டு என்று அமெரிக்கச் செய்தியாளர் அவ்வாண்டே எடுத்துக்காட்டினர். வாங்குவதற்கு இடமுள்ள ஊரே ஊர் என்பது வணிகன் எழுதும் உரை. அவ்வுரையில் நூலகமும் திடலும் முதியோர் கூடும் மரத்தடியும் அடிக்குறிப்பாகவும் இடம் பெறுவதில்லை.

நிலப்படக் கலைஞர் ஜஸ்டின் ஓபெர்ன் 2016இல் மற்றொன்றையும் சுட்டிக்காட்டினார். ஒரே பரப்பைக் காட்டும் கூகுள் படங்களில் 2010ஆம் ஆண்டுப் படத்தையும் 2016ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்புநோக்கி, சாலைகள் மிகுந்தும் ஊர்ப்பெயர்கள் குறைந்தும் போனதை அவர் விளக்கினார். பாதைகள் நிறைந்து, பாதை சென்று சேரும் ஊர்கள் மறைந்த படத்தால் யாருக்கு என்ன பயன்? எழுவாய் இல்லாமல் பயனிலைகளை மட்டும் அடுக்கியது போன்ற குறை அது. பெயர் நீக்கம் தரவின் பிழையன்று; எப்படியில் எப்பெயர் வரலாம் என்று விதித்த கோலத்தின் பிழை.

மூன்றாம் உரை: நீர்வண்ணப் பாணி

2012இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஸ்டேமன் என்னும் வடிவமைப்பு நிறுவனம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மூலத்தைக் கொண்டு நீர்வண்ணப் பாணி ஒன்றை வெளியிட்டது. தாளில் உண்மையாகவே நீர்வண்ணம் பூசி, அதனைக் கணினியில் ஏற்றி, கடலுக்கும் நிலத்துக்கும் பூங்காவுக்கும் அச்சாயங்களை நிரப்பி, ஓரங்களில் வண்ணம் கசிந்து பரவியது போலத் தோன்றச் செய்தனர். எந்த ஊரைப் பார்த்தாலும் ஓவியன் ஒருவன் உட்கார்ந்து தீட்டியது போல இருக்கும். 2021இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கழகத்தைச் சேர்ந்த கூப்பர் ஹியூவிட் வடிவமைப்புக் காட்சியகம் அப்படத்தைத் தன் சேகரிப்பில் ஏற்றுக்கொண்டது.

அழகில் இதற்கு நிகரான நிலப்படம் அரிது. ஆனால் அதில் ஒரு பெயரும் இல்லை. வழி தேடுபவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முனையையும் திரும்ப இயலாது. தமிழில் சித்திரகவி என்றொரு வகை உண்டு. எழுத்துகளைத் தேராகவும் பாம்பாகவும் அடுக்கும் அருந்திறன் அது. வியக்கலாம், ஆனால் அதைக் கொண்டு செய்தி அனுப்ப இயலாது. நீர்வண்ணப் பாணியும் அத்தகையது. குறையென்று சொல்வதற்கில்லை, அதன் நோக்கமே வேறு. வழிகாட்டும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பவரே பிழை செய்பவர். அதே நிறுவனத்தார் கறுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்டு செய்த மற்றொரு பாணி, அத்துணை புகழ் பெறாவிடினும், படியெடுக்கும் பொறி ஒன்றையே நம்பியிருக்கும் சிறு பள்ளிகளுக்கு மிகவும் ஏற்றது. நூறு படி எடுத்தாலும் சாலை சாலையாகவே தெரியும்.

இவ்விரண்டும் பெற்ற புகழைக் கண்டு பலர் சாம்பல் நிறப் படங்களைச் செய்யத் தொடங்கினர். சாலை வெளிர்சாம்பல், நிலம் அதனினும் வெளிர்சாம்பல், எழுத்து மங்கிய சாம்பல். மேலே வேறு புள்ளிவிவரம் பொருத்துவதற்கு அடித்தளமாக அமைப்பதானால் இம்மங்கல் பொருந்தும். புள்ளிவிவரம் ஒன்றும் இல்லாதபோதும் நாகரிகம் என்று கருதி மங்கவைத்தல் படிப்பவர் கண்ணுக்குத் தண்டனை. வேறு சிலர் மூலம் தந்த தன்னார்வலர்களின் பெயர்க்குறிப்பை அழகைக் கெடுக்கிறதென்று மறைத்துவிடுகின்றனர். மூலநூலாசிரியர் பெயரை அழித்துவிட்டு உரையை மட்டும் அச்சிடும் செயலுக்கு என்ன பெயரோ, அதே பெயர் இதற்கும் பொருந்தும்.

தமிழ்ப் பெயர்கள் படும் பாடு

இனித் தமிழ் படிப்போர்க்கு நெருங்கிய செய்தி ஒன்று. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மூலத்தில் ஓர் ஊரின் உள்ளூர்ப் பெயரோடு, ஒவ்வொரு மொழியிலும் அதன் பெயரை எழுதத் தனித்தனி இடம் உண்டு, தமிழுக்கும் உண்டு. 'தமிழ்ப் பெயர் இருந்தால் அதை இடுக. இல்லையேல் உள்ளூர்ப் பெயரை இடுக' என்று உரையில் ஒரு வரி எழுதினால் போதும். படம் முழுவதும் தமிழ் பேசும். அச்சுப்படங்களின் காலத்தில் ஒரு தமிழ் நிலப்படம் வெளியிடப் பதிப்பகமும் பொருளும் வேண்டியிருந்தன. இன்று ஒரு வரி போதும் என்பது சிறு செய்தியன்று.

ஆயினும் அவ்வரியை எழுதியவர்கள் நெடுங்காலம் ஏமாற்றமே அடைந்தனர். கணினி தமிழை ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. 'கெ' என்பதில் முதலில் ககரம், அதன் பின் ஒற்றைக்கொம்பு. எழுதும்போதோ கொம்பு முன்னும் ககரம் பின்னும் வரவேண்டும். இவ்வரிசை மாற்றத்தைச் செய்து தரும் பகுதி பழைய முறை நிலப்பட எந்திரங்களில் இருந்தது. விரலசைவுக்கு ஏற்ப உடனுக்குடன் படம் தீட்டும் புதிய முறை எந்திரங்கள் உலாவியில் வந்தபோது, விரைவு கருதி அப்பகுதி விடப்பட்டது. சேமித்த வரிசையிலேயே எழுத்துகள் தீட்டப்பட்டால் என்ன ஆகும்? 'கெடா' என்னும் மாநிலப் பெயரில் கொம்பு ககரத்துக்குப் பின் வந்து, அடுத்துள்ள டகரத்தோடும் துணைக்காலோடும் ஒட்டிக்கொள்ளும்; படிப்பவர் 'கடொ' என்று படிப்பார். 'பேராக்' என்பது 'பரோக்' ஆகும். அச்சுக்கோப்பவர் கொம்பை இடம் மாற்றிக் கோத்துவிட்ட பிழை போன்றது இது. ஆனால் இங்கே பிழை ஓர் எழுத்தோடு நில்லாமல் ஒரு மொழியின் ஊர்ப்பெயர்களையெல்லாம் சிதைத்துவிடும்.

இலத்தீன் எழுத்துக்கு இவ்விடர் இல்லை. ஆகவே அதனை மட்டும் எழுதிப் பழகியோர் பல ஆண்டுகள் இதனை உணரவில்லை. தமிழைப் போலவே தேவநாகரி முதலிய எழுத்துகளும் இவ்விடரால் தாக்குண்டன. திருத்தும் முயற்சிகள் நடைபெற்றுப் பயனும் தந்து வருகின்றன. அதுவரைக்கும் தமிழ்ப் படம் செய்ய விரும்புவோர், படத்தைக் கண்டு மகிழ்ந்து வெளியிட்டுவிடாமல், 'கெடா'வையும் 'பேராக்'கையும் ஒரு முறை படித்துப் பார்த்து, பிழையிருப்பின் வேறு எந்திரத்தை நாடுதல் நலம். எழுத்துப் பிழையோடு கூடிய தமிழ்ப் படம் மாணவன் கையில் சேருவதைவிட, பிழையற்ற மலாய்ப் படம் சேருவது மேல்.

மறையும் பெயர்கள்

நிலத்தைக் குறிஞ்சி என்றும் முல்லை என்றும் பூவால் பெயரிட்டு, அங்கு வாழும் மக்களின் தொழிலையும் ஒழுக்கத்தையும் அதனோடு சேர்த்து எண்ணியது தொல்காப்பியர் காலத்துத் தமிழ் மரபு. நிலம் என்பது வெறும் பரப்பன்று, வாழ்க்கையின் அடிப்படை என்பது அம்மரபின் உட்கிடை. அக்கண்ணோடு நோக்கினால், நிலப்படத்தில் ஒரு பெயரை வைப்பதும் எடுப்பதும் எத்துணைப் பெரிய செயல் என்பது புலனாகும்.

மலேசியாவின் நிருவாகத் தலைநகரான புத்ராஜெயா, முன்னர் பெராங் புசார் தோட்டமாக இருந்த நிலத்தில் 1990ஆம் ஆண்டுகளில் எழுந்தது. அத்தகைய நிலங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்தனர். இன்றைய படத்தில் ஏரியும் பாலமும் அரசாங்க மாளிகைகளும் தெரிகின்றன. தோட்டத்தின் பெயர் தெரிவதில்லை. மூலத்தில் பழைய பெயரை எழுதவும் ஓர் இடம் உண்டு. பொதுப்பாணி அதனைப் படத்தில் இடுவதில்லை. முற்றும் மறைந்துபோன இடங்களையும் ஆண்டுக் கணக்கோடு பதிந்து வைக்க ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்னும் தனித் திட்டமும் இருக்கிறது. ஆகவே ஒரு தமிழ்ப் பள்ளியோ ஒரு வாசகர் வட்டமோ முனைந்தால், தம் வட்டாரத்துப் பழைய தோட்டப் பெயர்களை முதியோரிடம் கேட்டுப் பதிந்து, புதிய நகரின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் பழைய பெயரும் தெரியும்படி ஒரு கோலம் எழுதிக்கொள்ளலாம். செம்பனைக்கு ஒரு நிறமும் பால்மரத்துக்கு ஒரு நிறமும் தனித்தனியே இடலாம். பிள்ளைகள் செல்லும் மண்சடக்கைப் பழுப்புக் கீற்றினின்று விடுவித்துத் தெளிவான கோடாக்கலாம்.

இது பொய் வரைதல் அன்று. மூலத்தில் உள்ளதை எடுத்து முன்னிறுத்துதலேயாகும். ஆனால் மூலத்தில் இல்லாததை எவ்வுரையாசிரியராலும் காட்ட இயலாது. பெயரைப் பதிவோர் முதலில் வேண்டும். வண்ணம் தீட்டுவோர் அதன் பின்னரே. அப்பெயர்களை நினைவில் வைத்திருப்போர் இன்று முதுமை எய்திவிட்டனர். தூரிகை கையில் இருக்கிறது. நிறம் கிண்ணத்தில் இருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய பெயர்களுக்கு மட்டுமே காலக்கெடு உண்டு.